கலர் பென்சிலில் தாவர ஓவியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து செடி வரைகிறோம். வகுப்பு என்று சொல்ல முடியாது. கட்டணம் கிடையாது, காபி உண்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

தாவர ஓவியம் என்றால் பூப்படம்தானே? அதற்கு ஏன் தனிப் பெயர்?

பூப்படத்தில் பூ அழகாக இருந்தால் போதும். தாவர ஓவியத்தில் அது எந்தச் செடி என்று விவரம் தெரிந்தவர் பார்த்த உடனே சொல்லிவிட வேண்டும். இதழ் எத்தனை, ஒன்றன்மேல் ஒன்று எந்தப் பக்கமாகப் படிந்திருக்கிறது, இலை தண்டில் எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா, காம்பில் சுணை உண்டா, இதெல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

நான் முதலில் வரைந்த செம்பருத்திக்கு ஆறு இதழ். நிழலும் பளபளப்பும் போட்டு, பெருமையாகக் கூடத்தில் மாட்டியும் வைத்தேன். வாசலுக்குப் பூ கொண்டுவருகிற அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது அடுக்குமில்ல, ஒத்தையுமில்ல, என்ன ரகம் கண்ணு இது?" என்றார். ஒற்றைச் செம்பருத்திக்கு ஐந்து இதழ். தினமும் பறித்துச் சாமிக்கு வைக்கிற பூ, ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் எண்ணுவது வழக்கமாகிவிட்டது.

அக்கா, எனக்குச் சுத்தமாக வரையவே வராது. நான் கற்றுக்கொள்ள முடியுமா?

கோலம் போடத் தெரியுமா? புள்ளி வைத்துவிட்டுத்தானே கோடு இழுக்கிறோம். இங்கேயும் அதுதான். பள்ளிக்கூட ஜாமெட்ரி பெட்டியில் இரண்டு முள்ளோடு டிவைடர் ஒன்று இருக்குமே, பத்தாம் வகுப்போடு மறந்துபோனது, அதைத் தேடி எடுங்கள். இலையின் நீளத்துக்கு அதன் கால்களை விரித்து, அப்படியே தாளில் இரண்டு புள்ளி வையுங்கள். அடுத்து இலை எங்கே அதிக அகலமாக இருக்கிறதோ அங்கே இரண்டு புள்ளி. நடுநரம்பு எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து ஒரு கோடு. அப்புறம் ஓரத்தை இணைத்தால் இலை வந்துவிடும். நிஜ அளவிலேயே வரைவதால் கணக்கும் வேண்டாம். பூ ரொம்பச் சின்னது என்றால் இரண்டு மடங்காக வரைந்து, பக்கத்தில் 'இரண்டு மடங்கு' என்று குறித்துவிடலாம்.

கை தானாக அளவு பிடிக்க ஆறு மாதமாவது ஆகும். அதுவரை டிவைடரைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் இப்போதும் பயன்படுத்துகிறேன்.

கலர் பென்சில் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் அல்லவா? வாட்டர்கலர்தானே முறை?

பழைய முறை வாட்டர்கலர்தான், மறுக்கவில்லை. நம் ஊரிலேயே அதற்குப் பெரிய வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மதராஸ் மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இருந்துகொண்டே தென்னிந்தியத் தாவரங்களைப் பதிவு செய்தார். அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். வைட் வெளியிட்ட ஒரு தொகுப்பில் மட்டும் ஆறு பாகங்கள், 2,101 படங்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார் அவர். அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை, வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் கம்பெனிக்காரர்களுக்கு வரைந்த பலருடைய பெயரே தெரியாமல் போன காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்தவை இன்றும் பிரிட்டனின் எடின்பரோ, கியூ தாவரவியல் தோட்டங்களின் சேகரிப்பில் இருக்கின்றன.

ஓவியர்களுக்கான தரமான கலர் பென்சில் பின்னால் வந்தது. ஜெர்மனியின் ஃபேபர்-காஸ்டல் தன் பாலிகுரோமோஸ் வரிசையை 1908இல் கொண்டுவந்தது. இப்போது தாவர ஓவியக் கண்காட்சிகளில் பென்சில் படங்களும் வாட்டர்கலருக்குப் பக்கத்திலேயே தொங்குகின்றன.

பென்சிலுக்கு என் ஓட்டு விழுவதற்குக் காரணம் வேறு. அடுப்பில் குழம்பு கொதித்தால் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகலாம். வாட்டர்கலர் காத்திருக்காது.

எந்தப் பென்சில் வாங்குவது? 120 கலர் பெட்டி அவசியமா?

அவசியமே இல்லை. 120 கலர் வாங்கியவர்களில் பாதிப் பேர் பெட்டியைத் திறந்து பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், நானும் கொஞ்ச நாள் அந்தக் கட்சிதான்.

முதல் இரண்டு மாதத்துக்கு வீட்டில் பிள்ளைகள் பயன்படுத்தும் பென்சிலே போதும். அதில் கையின் அழுத்தத்தைப் பழகலாம். ஆனால் நாலைந்து அடுக்குக்கு மேல் நிறம் ஏறாது, வழுக்கும். அந்த வழுக்கல் எரிச்சலூட்டத் தொடங்கும்போது நல்ல பென்சில் வாங்குங்கள்.

நல்ல பென்சிலில் இரண்டு வகை. பாலிகுரோமோஸ் எண்ணெய் சேர்ந்தது. சற்றுக் கெட்டி, கூர் நிற்கும், நரம்பு, முடி, இதழோரம் எல்லாவற்றுக்கும் தோதானது. பிரிஸ்மாகலர் பிரீமியர் மெழுகு சேர்ந்தது. வெண்ணெய் மாதிரி இழையும், பெரிய பரப்பு சீக்கிரம் நிரம்பும், ஆனால் கூர் சட்டென்று மழுங்கிவிடும். சுவிட்சர்லாந்தின் காரன் தாஷ் லூமினன்ஸும் மெழுகு வகைதான், வெளிச்சத்தில் மங்காமல் இருப்பதற்கென்றே செய்தது. அதன் ஒரு பென்சில் விலையில் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும்.

செட்டாக வாங்காமல் ஒற்றையாகக் கிடைக்கும் கடையில் 14 பென்சில் பொறுக்குங்கள். எலுமிச்சை மஞ்சள், அடர் மஞ்சள், ஸ்கார்லட் சிவப்பு, மஜென்டா, அடர் சிவப்பு, ஊதா, அல்ட்ராமரைன் நீலம், தாலோ நீலம், ஆலிவ் பச்சை, மங்கலான எர்த் கிரீன், பர்ன்ட் சியன்னா, டார்க் செபியா, டார்க் இண்டிகோ, ஐவரி. நம் ஊர்த் தோட்டத்தில் பூக்கிற முக்கால்வாசியை இதில் வரைந்துவிடலாம்.

கீழே போடாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே குச்சி துண்டு துண்டாகியிருக்கும். பிறகு சீவச் சீவ முனை உதிரும், நாம் கம்பெனியைத் திட்டுவோம்.

எந்தத் தாள்?

காசு செலவழிப்பதாக இருந்தால் பென்சிலைவிடத் தாளில் செலவழியுங்கள். வாட்டர்கலர் தாளில் 'ஹாட் பிரஸ்' என்று ஒரு வகை உண்டு, சூடான உருளைக்கு அடியில் அழுத்தி மேடுபள்ளம் இல்லாமல் ஆக்கியது. 300 ஜிஎஸ்எம் கனத்தில் வாங்குங்கள். ஃபேப்ரியானோ, ஆர்ஷ் இரண்டிலும் இது கிடைக்கும். ஒரு பெரிய ஷீட்டை நாலாக வெட்டிக்கொண்டால் நாலு படம்.

சொரசொரப்பான தாளில் பென்சில் ஓடினால் குழிகளில் வெள்ளை வெள்ளையாக நிற்கும். முந்தாநாள் சுட்ட பணியாரம் மாதிரி இருக்கும் இலை. ஐவரி கார்டு நேர்மாறு, அளவுக்கு மீறி வழவழப்பு, மூன்றாவது அடுக்கிலேயே கைவிரித்துவிடும். பயிற்சிக்குக் கனமான கார்ட்ரிட்ஜ் ஷீட் பரவாயில்லை.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னொன்று: கை வேர்வை. வேர்வை பட்ட இடத்தில் நிறம் சரியாக ஏறாது. கைக்கு அடியில் ஒரு துண்டு பட்டர் பேப்பரை வைத்துக்கொண்டு வரையுங்கள்.

முதலில் எதை வரைவது? ரோஜாவில் தொடங்கலாமா?

வேண்டவே வேண்டாம். ரோஜாவில் தொடங்கி ஓடிப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சமையலறைக்குப் போங்கள். காய்கறி வாடாது, அசையாது, வரைந்து முடித்ததும் சமைத்துவிடலாம்.

முதல் வாரம் நெல்லிக்காய். பந்து மாதிரி உருண்டைக்கு நிழல் போடப் பழக இதைவிட நல்லது இல்லை. மேலிருந்து கீழாக ஆறு மெல்லிய கோடுகள் ஓடுவதைப் பார்த்து வரையுங்கள். இரண்டாவது வாரம் பச்சை மிளகாய், அந்தப் பளபளப்புக்காக. மூன்றாவது வாரம் வெண்டைக்காய். அதன் வரிமேடுகள் பெரும்பாலும் ஐந்து. குறுக்கே வெட்டினால் ஐந்து மூலை தெரியும். வெண்டையும் செம்பருத்தியும் ஒரே குடும்பம் என்பதால் பூவில் ஐந்து, காயில் ஐந்து. இப்படி ஒன்றிரண்டு தெரிந்துவிட்டால் பிறகு செடியே தன் கணக்கைச் சொல்லிக் கொடுக்கும். நான்காவது வாரம் சின்ன வெங்காயம். அந்தக் காகிதத் தோலில் இளஞ்சிவப்பு, செம்பு, ஊதா மூன்றும் இருக்கின்றன. எனக்கு இதுவரை திருப்தியாக வந்ததில்லை.

வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். இடது மேல்பக்கமிருந்து வருவதாக வரைவது இந்தத் துறையில் பழைய வழக்கம். இடது கைக்காரர்கள் மட்டும் விளக்கை வலது பக்கம் மாற்றிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் தங்கள் கை நிழலிலேயே வரைய வேண்டியிருக்கும்.

நிறம் அழுத்தமாக வரவே மாட்டேன் என்கிறது. அழுத்தித் தேய்த்தால் தாள் மினுமினுக்கிறது.

அழுத்தினால் தாளின் இழைகள் நசுங்கிவிடும். நசுங்கின இடத்தில் அடுத்த நிறம் பிடிக்க இடமில்லை, அதனால்தான் அந்த மினுமினுப்பு. பென்சிலை அதன் சொந்தக் கனத்திலேயே தாளில் நடக்க விடுங்கள். முதல் அடுக்கு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்க வேண்டும். அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று என்று பத்துப் பன்னிரண்டு அடுக்கு. ஒரு அடுக்கு மேலிருந்து கீழ், அடுத்தது குறுக்காக, அடுத்தது இதழ் வளையும் திசையில். கடைசி இரண்டு அடுக்குக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தலாம்.

கூர் முக்கியம். மழுங்கிய முனை மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு போகும், கூரான முனைதான் குழிக்குள் இறங்கும். வரைகிற நேரத்தில் கால்வாசி சீவுவதிலேயே போகிறதென்றால் சரியாக வரைகிறீர்கள் என்று அர்த்தம்.

இலை எல்லாம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. என்ன பச்சை வாங்குவது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், பதிலும் நீளம்.

பெட்டியில் 'பச்சை' என்று வருகிற பச்சை செடியில் கிடையாது. ஒரு மாவிலையைக் கொண்டுவந்து தாள்மேல் வையுங்கள். வெளிச்சம் விழுகிற இடம் பச்சையா என்று பாருங்கள். அங்கே வெளிர் நீலம், சில கோணத்தில் சுத்த வெள்ளை, ஏனென்றால் அங்கே தெரிவது இலையின் நிறம் அல்ல, வானத்தின் நிறம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள், இப்போது மஞ்சள். நிழல் விழுந்த பக்கம் கிட்டத்தட்ட இண்டிகோ. கொழுந்து மாவிலையாக இருந்தால் பச்சையே இல்லை, தாமிரமும் செம்பழுப்பும்தான்.

நான் செய்கிற முறை இது. பளபளப்பு எங்கே என்று முதலில் லேசாகக் கோடிட்டுக்கொள்வேன், அங்கே கடைசி வரை பச்சை போகாது. மற்ற இடமெல்லாம் எலுமிச்சை மஞ்சள் ஒரு அடுக்கு. நிழல் வருகிற இடங்களில் டார்க் இண்டிகோ. மஞ்சளும் நீலமும் சேர்ந்து அங்கேயே பச்சை பிறந்துவிடும். அதன்மேல் ஆலிவ் பச்சை. இன்னும் கண்ணைக் குத்துகிறதென்றால், கூசாமல், ஒரே ஒரு அடுக்கு சிவப்பு அல்லது பர்ன்ட் சியன்னா. பச்சைமேல் சிவப்பா என்று எல்லோரும் பதறுவார்கள். பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு என்பதால் துள்ளல் அடங்கி இலை மண்ணுக்கு வந்துவிடும். பளபளப்பின் ஓரத்தில் வெளிர் நீலத்தை லேசாக இழைத்தால் முடிந்தது.

ஒரு தாளில் கட்டம் போட்டு, உங்களிடம் இருக்கிற ஒவ்வொரு மஞ்சளையும் ஒவ்வொரு நீலத்தோடும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மழை நாள் போதும். எந்தக் கட்டம் வேப்பிலை, எந்தக் கட்டம் வாழை, எந்தக் கட்டம் முருங்கை என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். கடையில் விற்கிற எந்த அட்டவணையும் இதற்கு ஈடாகாது.

நரம்பை எப்படி வெள்ளையாக விடுவது? கை நடுங்குகிறது.

மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா ஒன்று எடுங்கள். நிறம் போடுவதற்கு முன்னால் நரம்பு வருகிற இடத்தில் அதை அழுத்தி இழுங்கள். தாளில் ஒரு சின்ன வாய்க்கால் விழும். பிறகு மேலே பென்சிலைப் பக்கவாட்டில் சாய்த்து ஓட்டினால் வாய்க்காலுக்குள் நிறம் இறங்காது. மெல்லிய துணை நரம்புக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். நடுநரம்பை இப்படிச் செய்தால் நூல் ஒட்டியது போல இருக்கும், அதை இரண்டு பக்கமும் நிழல் போட்டு எழுப்ப வேண்டும்.

நரம்பு சுத்த வெள்ளையாகவும் இருக்காது. முதலில் லேசான மஞ்சள் அடித்துவிட்டு அதன்மேல் பேனாவை இழுத்தால் நரம்பு மஞ்சளாக நிற்கும். பேனாவில் மை உண்மையாகவே தீர்ந்துவிட்டதா என்று வேறு தாளில் கிறுக்கிப் பாருங்கள். ஒன்பது நாள் வரைந்த பூவரசு இலையில் எனக்கு நீலக் கோடு விழுந்தது.

மல்லிகை, நந்தியாவட்டை மாதிரி வெள்ளைப் பூவை வெள்ளைத் தாளில் எப்படி?

சுற்றிலும் இருட்டாக்கி. பூவுக்குப் பின்னால் ஒரு கரும்பச்சை இலையை வரைந்தால் தாளின் வெள்ளையே பூவாகிவிடும். நந்தியாவட்டைக்கு இயற்கையே அப்படித்தான் ஏற்பாடு செய்திருக்கிறது. இதழுக்குள் விழுகிற நிழலுக்கு வெறும் சாம்பல் போடாதீர்கள், அழுக்கு போலத் தெரியும். இலைக்குப் பக்கத்தில் நிழல் பச்சை சாயல், குழலுக்குள்ளே மஞ்சள் சாயல், மற்ற இடத்தில் ஊதாவும் மஞ்சளும் மிக மிக லேசாகக் கலந்தது. பூவைச் சுற்றிக் கரிய கோடு போடுகிறவர்களை நான் மாடியிலிருந்து இறக்கிவிடுவதாக மிரட்டுவேன்.

வரைவதற்குள் பூ வாடிவிடுகிறதே?

வாடத்தான் செய்யும். செம்பருத்திக்கு ஆயுசு ஒரு நாள். சங்குப்பூவும் மறுநாள் சுருண்டுவிடும். அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் பூ, பிறகு மொட்டு, அப்புறம் இலை, கடைசியில் தண்டு. காலையில் வெயில் ஏறும் முன் பறித்து உடனே தண்ணீரில் வையுங்கள். முதல் அரைமணியில் கோட்டுருவம். அடுத்த அரைமணியில் ஒரு இதழுக்கு மட்டும் முழு நிறம். மற்ற இதழ்களை அதைப் பார்த்து மாலையில்கூட முடிக்கலாம். நாளைக்கு வேறு பூ பூக்கும், அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

மின்விசிறியை நிறுத்துங்கள். கொடிப் பூக்கள் காற்றுக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தால் எந்த இதழ் எங்கே இருந்தது என்று தெரியாது. மே மாதத்தில் இது தியாகம்தான்.

போட்டோவைப் பார்த்து வரையலாமா?

நினைவூட்டலுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் பார்த்து வரைய வேண்டாம். போன் கேமரா கிட்டே இருக்கிற இதழைப் பெரிதாக்கிவிடும், சிவப்பை ஒரே கூழாக்கிவிடும், நிழலுக்குள் இருப்பதை விழுங்கிவிடும். தண்டைத் தடவிப் பார்க்கவும் முடியாது. துளசித் தண்டு சதுரம் என்பதை எந்தப் போட்டோவும் எனக்குச் சொல்லவில்லை, விரல்தான் சொன்னது. இலைகள் ஜோடி ஜோடியாக, ஒரு ஜோடி கிழக்கு மேற்காக, அடுத்த ஜோடி வடக்கு தெற்காக நிற்பதும் செடியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

செங்காந்தள் வரைய ஆசை. எங்கே தொடங்குவது?

நல்ல ஆசை. தமிழ்நாட்டின் மாநிலப் பூ, கார்த்திகை மாதத்தை ஒட்டி வேலியோரங்களில் பூக்கும். கரூர், திருப்பூர் மாவட்டப் பக்கங்களில் விதைக்காகப் பயிரும் செய்கிறார்கள். முதலிலேயே எச்சரிக்கை: செடி முழுக்க விஷம், முக்கியமாகக் கிழங்கும் விதையும். தொட்டால் கை கழுவுங்கள், குழந்தைகள், நாய் பூனை எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள், வரைந்துகொண்டே முறுக்கு தின்னாதீர்கள்.

இந்தப் பூவின் அமைப்பு புரியாமல் கோடு போட்டால் தீப்பிடித்த கோழி போல வரும். பூக்காம்பு வளைந்து தலைகீழாகத் தொங்குகிறது. ஆறு இதழும் பின்னோக்கி மடங்கி மேலே நிமிர்ந்திருக்கின்றன. ஆறு மகரந்தத் தாளும் குடைக்கம்பி மாதிரி சுற்றிலும் விரிந்து நிற்கின்றன. பச்சையான சூலகம் கீழ்ப்பக்கம் தெரியும். அதிலிருந்து சூல்தண்டு நேராகப் போகாமல், ஏறத்தாழ செங்கோணத்தில் பக்கவாட்டில் மடங்கி ஓடும். படங்களில் பலர் தப்பு செய்வது இந்த மடிப்பில்தான். அது நேராக இருந்தால் அது காந்தள் இல்லை. இலையின் நுனியும் சாதாரணம் இல்லை, பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்திருக்கும்.

நிறத்துக்கு வருவோம். மொட்டு பச்சை, விரிந்ததும் மஞ்சள் கலந்த பச்சை, பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, முதிரும்போது முழுச் சிவப்பு. ஒரே கொடியில் இவ்வளவும் இருக்கும் என்பதால் ஒரு மொட்டு, ஒரு இளம்பூ, ஒரு முதிர்ந்த பூ என்று மூன்றையும் ஒரே தாளில் வையுங்கள். இதழ் முழுவதும் எலுமிச்சை மஞ்சள். அதன்மேல் அடர் மஞ்சள், அடியை விட்டுவிட்டு. நுனியிலிருந்து ஸ்கார்லட், கீழே வர வர அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் நடுவில் ஆரஞ்சு தானாக உருவாகும், தனி ஆரஞ்சு பென்சில் தேவைப்படாது. இதழோரம் அலை அலையாக இருக்கிறதே, ஒவ்வொரு அலைக்கும் ஒரு மேடு, ஒரு பள்ளம். பள்ளத்தில் மஜென்டா, ஆழமான பள்ளத்தில் அடர் சிவப்பு. மேட்டு விளிம்பில் மெல்லிய கீற்றாக மஞ்சளை விட்டுவிடுங்கள். இந்தக் கீற்று இல்லாவிட்டால் இதழ் தட்டையாகிவிடும்.

எனக்கு ஒரு இதழுக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

நிழலுக்குக் கறுப்புப் பென்சில் போடலாமா?

கூடாது. சிவப்புப் பூவின் நிழலுக்கு அடர் சிவப்பும் இண்டிகோவும், மஞ்சள் பூவுக்கு ஊதாவும் பழுப்பும், இலைக்கு இண்டிகோவும் செபியாவும். புளியங்கொட்டைகூட உற்றுப் பார்த்தால் செபியாதான்.

தப்பானால் அழிக்க முடியுமா?

ஓரளவு. சாதாரண ரப்பர் தேய்த்தால் பரவி அசிங்கமாகும். பிசைந்து உருட்டக்கூடிய ரப்பர், அல்லது போஸ்டர் ஒட்டப் பயன்படும் புட்டி, இதை ஒற்றி ஒற்றி எடுங்கள். ஆழமாக ஏறிவிட்டால் செலோ டேப்பைத் துணியில் நாலு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொண்டு, தப்பான இடத்தின் மேல் வைத்து, மேலே மழுங்கிய பென்சிலால் லேசாகக் கிறுக்கி, தூக்குங்கள். கிறுக்கிய இடத்தில் மட்டும் நிறம் டேப்போடு வரும். ஸ்கார்லட், மஜென்டா மாதிரி நிறங்கள் கறை விடும், முழுக்கப் போகாது. அதனால் சிவப்பை எப்போதும் பயந்துகொண்டே தொடங்குவது நல்லது.

முடித்துப் பத்து நாளில் படத்தின்மேல் பனி படர்ந்தது போல வெளிறிவிட்டது. பூஞ்சையா?

மெழுகு வகைப் பென்சிலில் அழுத்தி நிரப்பிய கருமையான இடங்களில்தான் இது வரும். உள்ளிருக்கும் மெழுகு மேலே ஏறி நிற்கிறது. மென்மையான துணியால் லேசாக ஒற்றினால் போய்விடும். நிறத்தைத் தாளில் நிலைநிறுத்துகிற, ஓவியத்துக்கான ஃபிக்சேட்டிவ் ஸ்பிரேயை மொட்டைமாடியில் வைத்து மெல்லியதாக இரண்டு முறை அடித்தால் திரும்ப வராது. எண்ணெய் வகையில் இந்தத் தொல்லை கிடையாது. துடைத்த பிறகும் புள்ளி புள்ளியாக இருந்து ஈர வாடை அடித்தால் அது பூஞ்சைதான், அது வேறு துக்கம்.

கரைப்பான் தொட்டு இழைக்கிறார்களே, அது தேவையா?

பெரிய இலைக்கு உதவும். வாசனையற்ற மினரல் ஸ்பிரிட்டைத் தூரிகையில் துளி தொட்டு இழைத்தால் நிறம் குழிகளுக்குள் ஓடி நிரம்பும், காய்ந்தபின் மேலே மறுபடி வரையலாம். ஹார்டுவேர் கடை டர்பன்டைன் வேண்டாம், வீடே பெயிண்ட் அடித்த மாதிரி நாறும். சிலர் பேபி ஆயில் சொல்வார்கள். அளவு மீறினால் தாளின் பின்பக்கம் பஜ்ஜி மடித்த காகிதம் போல ஆகிவிடும்.

படம் எத்தனை வருஷம் இருக்கும்?

நிறத்தைப் பொறுத்தது. ஊதா, ரோஸ் வகைகள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். மலிவுப் பென்சிலில் ஒரு சங்குப்பூ வரைந்து ஒரு கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்தேன். மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டினார்கள். இரண்டாவது ஆடி வருவதற்குள் அது நந்தியாவட்டை ஆகிவிட்டது. பாலிகுரோமோஸில் ஒவ்வொரு பென்சிலின் மேலும் நட்சத்திரக் குறி இருக்கும், மூன்று நட்சத்திரம் என்றால் வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். வாங்கும்போது அதைப் பாருங்கள்.

மாட்டும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சுவரில் மாட்டினால் ஐப்பசி மழையில் ஓதம் ஏறும்.

ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம்?

ஒரு இலை: மூன்று, நாலு மணி. ஒரு கிளை, பூ மொட்டோடு: முப்பது மணிக்குக் குறையாது. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் ஒன்றரை மாதம்.

மலைக்குப் போனால் பறித்துவந்து வரையலாமா?

காப்புக்காடுகளில் ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். அங்கேயே உட்கார்ந்து வரையுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்கா, சென்னை செம்மொழிப் பூங்கா மாதிரி இடங்களிலும் பறிப்பது கிடையாது, ஆனால் பெயர்ப்பலகை இருப்பது நமக்கு வசதி. உண்மையில் மாடித் தொட்டியும் தெருவோர எருக்கும் போதும். எருக்கம்பூவின் நடுவில் இருக்கிற அந்தக் கிரீடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பாலில் மட்டும் ஜாக்கிரதை, கண்ணில் படக்கூடாது.

படத்தின் கீழே என்ன எழுத வேண்டும்?

செடியின் தமிழ்ப் பெயர், உங்கள் ஊரில் வேறு பெயர் இருந்தால் அதுவும், தெரிந்தால் தாவரவியல் பெயர், செடி நின்ற இடம், தேதி, அளவு. 'எங்கள் வீட்டுக் கொல்லை' என்று எழுதினாலும் சரிதான், ஊர்ப் பெயர் மட்டும் சேருங்கள். ஹெச்பி பென்சிலில் சின்னதாக எழுதினால் போதும். கையெழுத்தைத் தண்டின் ஓரமாகப் போடுங்கள், இலைமேல் போட்டால் புழு ஊர்வது மாதிரி இருக்கும்.